இடாப்பில் ஐந்து பெயர்

பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வாத்தியாரின் பிரம்பிலிருந்தோ, திருடித் தின்ற மாங்காயிலிருந்தோ தொடங்குவது வழக்கம். பிரம்பு எங்களுக்கும் உண்டு. மாங்காய்க்குப் பதிலாக, தோட்டக் காவற்காரரின் கண்ணில் படாமல் பொறுக்கிய தேங்காய் உண்டு. ஆயினும் உடன்பிறந்தார் ஐவரும் ஒரு கூரையின்கீழ் கூடும் அபூர்வமான நாட்களில் முதலில் பேச்சுக்கு வருவது இடாப்புதான். வகுப்பில் வரவு குறிக்கும் பதிவேட்டுக்கு எங்கள் நாட்டில் வழங்கும் பெயர் அது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் வாத்தியார் அதை விரித்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். வந்திருப்பவன் எழுந்து, "வந்தேன் ஐயா" என்பான். வராதவனுக்காக அவனுடைய தம்பியோ தங்கையோ பக்கத்து வகுப்பிலிருந்து எழுந்து காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றும், சட்டை காயவில்லை என்றும், ஆச்சி செத்துப்போனாள் என்றும் காரணங்கள் பலவாக இருந்தன. வைகாசி பிறந்துவிட்டாலோ காரணம் ஒன்றே ஒன்றுதான்:

"வாடிக்குப் போயிட்டான் ஐயா."

இந்தச் சொல்லைச் சற்று விளக்க வேண்டும். புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்திலிருந்து வடக்கே செல்லும் வீதியில் பத்துளுஓயாவில் பஸ்ஸை விட்டிறங்கி மேற்கே திரும்பினால் எங்கள் ஊராகிய உடப்பு வரும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் முந்தல் களப்பு, நடுவே மணல். சிங்களக் கிராமங்களும் தென்னந்தோட்டங்களும் சூழ்ந்த அப்பகுதியில் தமிழ் பேசும் மீனவர் ஊராக அது நிலைத்து நிற்கிறது. முன்னோர் இராமேசுவரத்துப் பக்கமிருந்து தோணியேறி வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஊருக்குச் சோறு போட்டது கரைவலை. மேற்குக் கரையில் அவ்வலையை இழுக்கும் பருவம் ஏறத்தாழ ஐப்பசியிலிருந்து சித்திரைவரை. வைகாசியில் தென்மேற்குக் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்துவிட்டால் வலையை இறக்க முடியாது. அதே காலத்தில் கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். ஆகவே வலைக்குச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் வலைகளையும் ஆட்களையும் லொறிகளில் ஏற்றி, அநுராதபுரம், வவுனியா வழியாக முல்லைத்தீவுக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கிடுகால் கட்டப்படும் குடிசை வரிசைதான் வாடி.

இலங்கைப் பள்ளிகளின் இரண்டாம் தவணை மே மாதவாக்கில் தொடங்கி ஓகஸ்டில் முடியும். கடல் வகுத்த பருவமும் கல்வித் திணைக்களம் வகுத்த தவணையும் எங்கள் ஊரில் ஆண்டுதோறும் மோதின. ஆண்டுதோறும் வென்றது கடல். மேற்கூரையும் அரைச்சுவரும் மட்டுமே கொண்ட அந்த நீண்ட மண்டபத்தில் பங்குனி மாதத்தில் வாங்குகளில் இடமின்றிப் பிள்ளைகள் நெருங்கியிருப்பார்கள். ஆனியில் போய்ப் பார்த்தால் வாங்குக்கு இருவர் மூவர். மிஞ்சியவர்களுக்குப் பணிஸ் இரண்டாகக் கிடைக்கும் என்பதில் எங்களுக்கு அப்போது இருந்த சந்தோஷத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் மூத்தவர் அக்கா, அடுத்தவர் பெரியண்ணன், நடுவில் சின்னண்ணன், அவருக்குப் பின் கடைசி இருவர், தங்கச்சியும் அவளுக்கு நேர்மூத்தவனும். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்பது சில இடங்களில் ஐவரையும், பல இடங்களில் அக்கடைசி இருவரையும் குறிக்கும். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் பிரித்து நினைக்க எங்களாலேயே முடிவதில்லை. ஊரில் எங்களுக்குப் 'பஞ்சபாண்டவர்' என்று பெயர். அவருள் இருவர் பெண்கள் என்பதை யாரும் பொருட்படுத்தியதில்லை.

ஐவருக்கும் ஒரே போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் சங்கக் கடையில் அளந்து வாங்குவது. எனவே இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரந்தான் வெளிச்சம். நடுவில் புத்தகம், சுற்றிலும் தலைகள். படிக்கிறவர் விளக்கின் ஒரு பக்கம் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியும். தங்கச்சிக்கு எப்போதும் எதிர்ப்பக்கமே வாய்த்தபடியால் அரிவரிக்குப் போகுமுன்பே 'அ'னாவையும் 'ஆ'வன்னாவையும் தலைகீழாகக் கற்றுக்கொண்டாள். பள்ளியில் முதல்முறை பாலபாடத்தைக் கையில் கொடுத்தபோது அவள் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தங்குதடையின்றி வாசித்தாள். வாத்தியார் நெடுநேரம் சிரித்துவிட்டு, "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். சின்னண்ணன் தன் வகுப்பிலிருந்து எழுந்து, "எங்கள் வீட்டுப் பிள்ளைதான் ஐயா" என்றார். பெருமை பொறுக்காமல் சொன்னாரா, அடி விழுமுன் காப்பாற்றச் சொன்னாரா என்பது இன்றும் எங்களுள் தீராத வழக்கு.

கொப்பிகளின் கதையும் அதுவே. மேல்வகுப்பில் ஒருவர் எழுதிய கொப்பியில் மிஞ்சிய தாள்கள் கீழ்வகுப்புக்காரருக்கு. பென்சில் கட்டையாகி விரலில் நிற்காதபோது அதை நாணற்குழாயில் செருகிக் கொடுப்பது பெரியண்ணனின் வேலை. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர். அக்கா மூன்றாம் வகுப்போடு. இவர்கள் நின்றதை ஒரு செய்தியாகவே அக்காலத்தில் நாங்கள் அறியவில்லை. மூத்தவர்கள் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் என்று எண்ணினோம். அக்கா வாடியில் சமைப்பார், நெத்தலி காயப்போடுவார், தண்ணீர் சுமப்பார். பெரியண்ணன் கம்பா இழுப்பார். சின்னண்ணனும் நாங்கள் இருவரும் வைகாசி தொடக்கம் ஆச்சியோடு ஊரில் தங்கிப் பள்ளிக்குப் போவது என்று ஓர் ஏற்பாடு. ஆச்சி கிடுகு பின்னுவாள். எங்கள் மூவருடைய அரிசிக் கூப்பன் புத்தகங்களும் அவளுடைய முந்தானையில் முடிந்திருக்கும்.

சின்னண்ணன் கணக்கில் புலி. எங்கள் வாத்தியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஊரிலேயே அறையெடுத்துத் தங்கியிருந்தவர்; எளிதில் யாரையும் மெச்சுகிறவர் அல்லர். அவர் ஒருநாள் வகுப்பில் சைமன் காசிச்செட்டியைப் பற்றிச் சொன்னார். இதே மாவட்டத்துக் கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர், 1834இல் இலங்கைத் தீவின் ஊர்களையும் மக்களையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய விவர நூல் எழுதினார், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறு எழுதினார் என்று சொல்லிவிட்டு, "இந்தக் கரையிலிருந்து இன்னொருவன் வரக்கூடாதா?" என்று சின்னண்ணன் இருந்த வாங்கைப் பார்த்தார். அன்று வீட்டில் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. காசிச்செட்டி செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளை என்பதும், வாடிக்குப் போகும் லொறி அவருடைய வாசலில் வந்து நின்றிராது என்பதும் பிற்காலத்தில்தான் எங்களுக்கு உறைத்தன.

1967ஆம் ஆண்டு சித்திரையில் அந்த லொறி எங்கள் வாசலில் நின்றது.

அதற்கு முந்திய டிசம்பரில் நாட்டில் ஒரு காரியம் நடந்திருந்தது. அதுவரை கூப்பனுக்கு வாரம் இரண்டு கொத்து அரிசி, கொத்து 25 சதம். 1966 டிசம்பரில் அரசாங்கம் அதை ஒரு கொத்தாகக் குறைத்தது. அந்த ஒரு கொத்துக்கு விலை வேண்டாம், இலவசம் என்றது. இலங்கையின் அரிசிக் கணக்கு வேடிக்கையானது. 1953இல் கொத்து விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றி, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியபோது, இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பின்பேரில் ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதே டட்லி பிரதமராக இருக்கையில் கொத்து பாதியாயிற்று. விலையை ஏற்றினால் மக்கள் தெருவுக்கு வருவார்கள். அளவைக் குறைத்து இலவசம் என்று பெயரிட்டால் வீட்டுக்குள்ளேயே கணக்குப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஆள்வோர் இதைக் கற்றுக்கொண்டிருந்தனர் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கைப் பார்த்தவர் சின்னண்ணன். லொறி வருவதற்கு முந்திய இரவு அப்பாவும் அம்மாவும் ஆச்சியும் திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி அழுதாள் என்பது மட்டும் எங்களுக்கு விளங்கியது. சின்னண்ணன் சிலேட்டை எடுத்துக்கொண்டு விளக்கருகே போனார். ஊரில் தங்குவது நால்வர். முன்பு வாரத்துக்கு எட்டுக் கொத்து, இப்போது நான்கு. குறைகிற நான்கு கொத்தையும் வெளிக்கடை விலைக்கு வாங்க வேண்டும். ஆச்சி வாரத்துக்கு இத்தனை கிடுகு பின்னினால் இத்தனை ரூபா. அதில் மீன், தேங்காய், மண்ணெண்ணெய் போக இத்தனை. நான்கு கொத்துக்குப் போதாது; மூன்று கொத்துக்குப் போதும். ஒரு தலை குறைய வேண்டும். அந்தத் தலை வாடிக்குப் போனால் அங்கே அரைப் பங்கும் கிடைக்கும். அவர் விடையின்கீழ் இரண்டு கோடு கிழித்தார். வாத்தியார் அப்படித்தான் கிழிக்கச் சொல்லியிருந்தார்.

அப்பாவின் எண்ணம் வேறு. தங்கச்சியை வாடிக்கு அழைத்துப்போவோம், பெண்பிள்ளைதானே, அக்காவுக்கும் துணையாக இருக்கும் என்றார். ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள். அப்பாவைக் குறை சொல்ல மாட்டோம். காலையில் லொறியில் சாமான் ஏற்றும்போது தங்கச்சியின் பாவாடை சட்டைகளும் ஒரு பொட்டணமாகக் கட்டியிருந்தன. எல்லோரும் ஏறிய பிறகு பார்த்தால் சின்னண்ணன் வலைக்கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். தங்கச்சியின் பொட்டணத்தைத் தூக்கித் திண்ணையில் போட்டுவிட்டார். "இறங்கடா" என்று அப்பா அதட்டினார். "அவளுக்கு அரைப் பங்கு தருவாங்களா அப்பா?" என்று அவர் கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. லொறி புறப்படும்போது தன்னுடைய கணக்குக் கொப்பியை எங்களிடம் எறிந்து, "தம்பி, பாதிக்கு மேல தாள் இருக்கு. வீணாக்காம எழுதுங்க" என்றார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. ஏழாம் வகுப்பு.

முல்லைத்தீவில் பள்ளிக்கூடம் இல்லையா, அங்கே சேர்த்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். எங்கள் வாத்தியாரும் அதைக் கேட்டார். அங்கே சேர வேண்டுமானால் இங்கே விடுகைப் பத்திரம் வாங்க வேண்டும். நான்கு மாதத்தில் அங்கே விடுகைப் பத்திரம் வாங்கி இங்கே திரும்பச் சேர வேண்டும். நான்கு மாதப் பிள்ளையை எந்தப் பள்ளியும் விரும்பாது. தவிர, வலை இழுக்கும் நேரத்தைக் கடல்தான் சொல்கிறது. பள்ளி மணியைக் கேட்டு அது காத்திருப்பதில்லை.

இந்த இடத்தில் கன்னங்கராவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கல்வியமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இந்நாட்டில் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசமாயிற்று. அவர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றார் என்பது நம் ஜனநாயகத்தின் சோகங்களுள் ஒன்று. அவர் இல்லாவிட்டால் கடைசி இருவரும் பள்ளியைக் கண்டிருக்க மாட்டோம். இக்கட்டுரையை எழுதும் கையும் கம்பா இழுத்திருக்கும். ஆயினும் சட்டம் கட்டணத்தைத்தான் நீக்கிற்று. படிக்கும் பிள்ளை மத்தியானம் தின்னும் சோற்றையும், அவன் படிக்கப் போவதால் வீட்டுக்கு நட்டமாகும் அரைப் பங்கையும் யார் நீக்குவது? எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்று கட்டாயமாக்கும் ஒழுங்குவிதி 1997இல்தான் பிறந்து, 1998 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இலவசத்துக்கும் கட்டாயத்துக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல். எங்கள் அக்காவும் அண்ணன்மார் இருவரும் அந்த இடைவெளிக்குள் பிறந்து வளர்ந்தவர்கள்.

வாடியிலிருந்து முதல் கடிதம் ஆனி மாத நடுவில் வந்தது. சம்மாட்டியின் லொறிச் சாரதி கொண்டுவந்து கொடுத்தான். சீமெந்துப் பையைக் கிழித்த தாள், கருவாட்டு மணம். ஆச்சியின் நலம் கேட்டு, அம்மாவின் கைநோவு பற்றிச் சொல்லிவிட்டு, "ஏழாம் வகுப்பில் இப்போது என்ன கணக்கு நடக்கிறது? எழுதி அனுப்பவும்" என்று கேட்டிருந்தார். ஏழாம் வகுப்புக் கணக்கு எங்களுக்கு எப்படித் தெரியும்? மண்டபத்தில் தடுப்பு இல்லாதது அப்போது உதவிற்று. எங்கள் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஏழாம் வகுப்புக் கரும்பலகையைப் பார்த்து எழுதினோம். ஒருவர் எழுத மற்றவர் வாத்தியார் திரும்புகிறாரா என்று பார்ப்பது. மூன்றாம் நாள் பிடிபட்டோம். காரணத்தைச் சொன்னதும் வாத்தியார் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அந்த வாரக் கணக்குகளைத் தாமே ஒரு தாளில் எழுதித் தந்தார். வட்டிக் கணக்கு, விகிதம், நூற்றுவீதம். தாள் சாரதியின் சட்டைப் பையில் முல்லைத்தீவுக்குப் போகும். பத்துப் பதினைந்து நாளில் விடைகள் வரும். வாத்தியார் சிவப்பு மையால் திருத்திக் கொடுப்பார். அது மறுபடி போகும்.

அந்த ஆண்டு இடாப்புக் கூப்பிடும்போது ஏழாம் வகுப்பில் சின்னண்ணனின் பெயர் வந்ததும் நாங்கள் எழுந்து, "வாடிக்குப் போயிட்டார் ஐயா" என்போம். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. ஆடியிலும் ஆவணியிலும் பல பெயர்கள் அப்படி வெட்டப்பட்டன. இந்தப் பெயரை மட்டும் வாத்தியார் மார்கழிவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று அவரிடம் கேட்கும் துணிவு எங்களுக்கு இருக்கவில்லை.

கடிதங்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கரைவலை இழுப்பதை அறியாதவர்களுக்கு: கம்பாவின் ஒரு நுனியைக் கரையில் விட்டு, தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்து இறக்கி, மறு நுனியைத் தொலைவில் வேறோர் இடத்தில் கரைசேர்ப்பார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பாப் பாடலின் தாளத்துக்கு இழுத்து இழுத்து ஒருவரையொருவர் நெருங்கி வருவார்கள். கடைசியில் மீன் நிறைந்த மடி கரையேறும். மீன் கூடை கூடையாக அளக்கப்பட்டு விலையாகும். செலவு போக மிஞ்சியதில் பாதி சம்மாட்டிக்கு. மறுபாதி இழுத்தவர்களுக்குப் பங்கு. எங்கள் வீட்டுக்கு அப்பாவின் ஒரு பங்கும் அண்ணன்மாரின் இரண்டு அரைப் பங்கும் சேர்ந்து இரண்டு பங்கு.

ஆடி மாதத்தில் வந்த அந்தத் தாளில் வாத்தியாரின் கணக்குகளுக்கு விடையெழுதிவிட்டு, அடியில் தன்னுடைய கணக்கு ஒன்றையும் சின்னண்ணன் எழுதியிருந்தார். ஒரு நாள் பாட்டில் 120 கூடை சாளை, கூடை 5 ரூபா, மொத்தம் 600. செலவு 40. மிச்சம் 560. சம்மாட்டிக்கு 280. பங்குகள் 35. பங்குக்கு 8 ரூபா. எங்கள் வீட்டுக்கு 16 ரூபா வர வேண்டும். "முற்பணத்துக்குக் கழிப்பது பருவம் முடியும்போது. ஆனால் கையில் கிடைத்தது 11. நான் செய்த கணக்கில் பிழை எங்கே என்று ஐயாவிடம் கேட்டு எழுதவும்."

வாத்தியார் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிவப்பு மைப் பேனாவை எடுத்து, வழக்கமாகச் சரியடையாளம் போடும் இடத்தில் எழுத்தாக எழுதினார்: "கணக்கில் பிழை இல்லை."

அந்தத் தாள் வாடியைச் சென்றடைந்த பிறகு நடந்ததைப் பெரியண்ணன் சொல்லித்தான் அறிந்தோம். அப்பா அதைப் பார்த்துப் பயந்தார். மடித்துக் கூரையில் செருகிவிட்டார். முற்பணக் கடன் இருக்கும்வரை வேறு சம்மாட்டியிடம் போக வழியில்லை. வாய் திறந்தால் உள்ள பங்கும் போகும் என்பது அவருடைய அனுபவம். ஆனால் பெரியண்ணன் அதை எடுத்து மற்ற இழுவைக்காரர்களுக்குக் காட்டினார். அவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. சிவப்பு மை இருக்கிறது, வாத்தியார் எழுதியிருக்கிறார் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. கலகம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கதைகளில் வருவதுபோல் சம்மாட்டி மனம் திருந்தவும் இல்லை. அடுத்த நாளிலிருந்து மடி கரையேறியதும் கூடை எண்ணுகிற கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை நிறுத்தினார்கள். அவன் ஒன்றும் பேசுவதில்லை. ஒவ்வொரு கூடைக்கும் சீமெந்துத் தாளில் ஒரு கோடு போடுவான், அவ்வளவுதான். 16 முழுதாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 11, 14 ஆயிற்று.

ஆடியில் திரௌபதையம்மன் கோயில் திருவிழா. பதினெட்டு நாள் நடந்து தீமிதிப்பில் முடியும் அவ்விழாவுக்கு, எந்தக் கரையில் இருந்தாலும் உடப்புக்காரன் வந்துவிடுவான். அவ்வாண்டும் கடைசி நாட்களுக்கு லொறியில் எல்லோரும் வந்தார்கள். பாரதக் கதை நடக்கும் இரவுகளில் மணலில் பாய் விரித்து ஐவரும் வரிசையாகப் படுத்துக் கேட்போம். பாண்டவர் வனவாசம் போகும் கட்டத்தில் ஆச்சி வழக்கம்போல் எங்களைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள். சின்னண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் அவருடைய கை எங்கள்மேல் பட்டது. தென்னந்தும்புக் கயிறே உரசியதுபோல் இருந்தது. மறுநாள் காலையில் அவருடைய கொப்பியைக் கொண்டுவந்து, நாங்கள் எழுதிய தாள்களைக் காட்டினோம். அவரும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டப் பென்சிலை எடுத்தார். உள்ளங்கை வெடிப்பில் உப்பு ஏறியிருந்தது, விரல் மடங்கவில்லை. "பிறகு போடுறன்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். அக்கா மட்டும் எங்களைக் கூப்பிட்டு, "அவன்கிட்ட இனிக் கொப்பியக் காட்டாதீங்க" என்றார்.

அக்காவைப் பற்றி இக்கட்டுரையில் குறைவாகவே சொல்லியிருக்கிறோம் என்பது எழுதிக்கொண்டு போகும்போதே தெரிகிறது. அவரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் பள்ளி ஞாபகம் இல்லை. எங்கள் சீருடைகளை முதல்நாள் இரவே துவைத்து, கடற்காற்றில் காயாவிட்டால் அடுப்பருகே பிடித்துக்கொண்டு நின்றவர், பள்ளி விட்டு வந்ததும் "இண்டைக்கு என்ன படிச்சீங்க?" என்று கேட்டு, நாங்கள் சொல்வதையெல்லாம் மீன் கழுவிக்கொண்டே கேட்டவர். அந்தக் கேள்வியை எங்கள்மேல் உள்ள கண்டிப்பு என்று எண்ணியிருந்தோம். அறுபது வயதுக்குமேல் அவர் பேரப்பிள்ளையின் நான்காம் வகுப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கண்ட அன்றுதான், அவர் அப்போது தனக்காகக் கேட்டார் என்பது புரிந்தது.

1968இலும் கணக்குத் தாள்கள் போய்வந்தன. 1969இல் இரண்டு மூன்று வந்தன. அதன்பின் கடிதங்களில் நலம் விசாரிப்பு மட்டுமே இருந்தது. வாத்தியாரும் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். 1970இல் இடதுசாரிக் கட்சிகளும் அங்கம் வகித்த ஐக்கிய முன்னணி, இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவோம் என்று சொல்லித் தேர்தலில் வென்றது, கொத்தும் வந்தது. சின்னண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. முழுப் பங்கு வாங்கும் ஆள். எட்டாம் வகுப்பில் போய் உட்காரச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தங்கச்சி ஆசிரியையானாள். 1990ஆம் ஆண்டு கற்பிட்டித் தீபகற்பத்தில் ஒரு பள்ளியில் அவள் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேரைச் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள், வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. அவள் முதல்முறை அவற்றைப் பார்த்தபோது வாடி என்றே நினைத்தாளாம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் காலையிலும் வந்த பிள்ளைகளுக்குப் பின்னேரத்திலுமாகப் பள்ளி நடந்தது. வந்தவர்களுக்கு இடாப்பு இல்லை. விடுகைப் பத்திரம் இல்லாமல் எப்படிப் பெயர் பதிவது என்று மேலே எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கடையில் ஒரு கொப்பி வாங்கிக் கோடு கிழித்துப் பெயர்களை எழுதினாள். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த ஒரு சிறுமி தன் பெயரைச் சொல்லிவிட்டு, "டீச்சர், எங்கட ஸ்கூல் இடாப்பில எங்கட பேர இப்பயும் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாளாம். அங்கே கூப்பிட ஒருவரும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? அதுவும், தமிழர் பெயரால் துப்பாக்கி பிடித்தவர்கள் செய்த காரியத்துக்கு, பொட்டு வைத்த ஒரு தமிழ் ஆசிரியை? எங்கள் வாத்தியாரைப் போல, அவர் ஒரு பெயரை மார்கழிவரை வெட்டாமல் வைத்திருந்ததைப் போல, அங்கும் யாரோ ஒருவர் வைத்திருப்பார் என்று சொன்னாளாம். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய்க்காக அவள் பட்ட வெட்கத்தை இன்றும் படுகிறாள்.

வாடிக்குப் போகும் வழக்கம் போர்க்காலத்தில் குலைந்தது. 1984 டிசம்பரில் கொக்கிளாய், நாயாறுப் பகுதிகளில் இருந்த சிங்கள மீனவர் குடியிருப்புகள் தாக்கப்பட்டுப் பலர் கொல்லப்பட்ட பின் அந்தக் கரைக்குப் போக யாருக்கும் துணிவில்லை. 2009க்குப் பிறகு வெளிமாவட்டத்தார் மறுபடி போய்வரத் தொடங்கினார்கள். முல்லைத்தீவு மீனவர்கள் தங்கள் கரையில் பிறர் வாடி போடுவதை எதிர்த்து வருகிறார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. அந்நாளில் நாங்கள் போய்வந்த கரைக்குச் சொந்தக்காரர் இருந்தனர் என்பதை எங்களுள் யார்தான் நினைத்தோம்? பள்ளியிழந்த பிள்ளைகள் அங்கும் இருந்திருப்பார்கள்.

சின்னண்ணன் பிற்காலத்தில் ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் நெடுங்காலம் கணக்கெழுதினார். சம்பளம் இல்லாத வேலை. இப்போது எழுபது கடந்துவிட்டது, முழங்கால் மடங்குவதில்லை, கடலுக்குப் போவதில்லை. சென்ற ஆடித் திருவிழாவுக்கு ஐவரும் உடப்பில் கூடினோம். வாசலில் ஒரு பாயில் சின்னண்ணனும் அவருடைய பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்பு. மின்விளக்கு எரிகிறது, ஆளுக்கொரு கொப்பி இருக்கிறது. பழக்கம் போகாமல் அவர் அவளுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகவே வாசித்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வட்டி, விகிதம், நூற்றுவீதம் எல்லாம் வாயாலேயே வந்தன. ஓரிடத்தில் நின்றார். அது இருபடிச் சமன்பாடு. சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மூடாமல் அப்படியே பேத்தியின் கையில் கொடுத்து, "இது ஏழாம் வகுப்புக்கு மேல. உள்ள சின்னாச்சி இருக்கா, அவகிட்டப் போய்க் கேளு" என்றார். தங்கச்சி கண்ணாடியைத் தேடிக்கொண்டு எழுந்து வந்தாள்.